உன் அப்பாவின் அறைப் படத்தை நோட்டீஸிலிருந்து எடுத்துவிடு

உன் கடை நோட்டீஸ் வெள்ளிக்கிழமை காலைப் பேப்பருக்குள் மடித்து வந்தது. முன் பக்கத்தில் நம் வீடு, உள்பக்கத்தில் உன் அப்பாவின் அறை. வெள்ளைச் சுவர், வெள்ளைக் கூரை, சுத்தமான கட்டில். கீழே, பழைய வீடுகளுக்குப் புதிய காற்று, இதை முதலில் செய்தது என் அப்பாவுக்காக என்று எழுதியிருக்கிறாய். மகனுக்குக் கடிதம் எழுதும்போது முதலில் அன்பாக ஏதாவது சொல்லித் தொடங்குவார்கள். இன்று என்னிடம் அது இல்லை. நீ கனடாவை விட்டு வந்து நாகர்கோவிலில் வீடுகளுக்குக் காற்று மிஷின் மாட்டுகிற கடை திறந்து ஐந்து மாதமாகிறது. அப்பாவின் முதல் ஆண்டு நினைவுக்குப் பிறகு இந்த வீட்டு வாசலை நீ மிதிக்கவில்லை. ஆனால் வீட்டுப் படம் மட்டும் மார்த்தாண்டத்திலிருந்து கோட்டாறு வரை வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதத்தை உன் விலாசத்துக்கு மட்டும் அனுப்பாமல் நம் ஊர் வாசகசாலை மலரிலும் அச்சுக்குக் கொடுத்திருக்கிறேன். நோட்டீஸைப் படித்தவர்கள் இதையும் படிக்கட்டும்.

உன்னைத் தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் நாங்கள் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். உன் அப்பாவுக்கு சிதறால் பக்கம் கொஞ்சம் ரப்பர் தோட்டம். பால் எடுத்து, ஷீட் அடித்து, வீட்டுக்குப் பின்னாலுள்ள புகைப்புரையில் தொங்கவிட்டு விறகுப் புகை போட்டு உலர்த்துவார். முப்பத்தைந்து வருஷம் அந்தப் புகைக்குள் குனிந்து போய் வந்த மனிதர். நெஞ்சு கெட்டதற்குக் காரணம் அந்தப் புகை. அதை நான் மறைக்கவில்லை, உன் தலையில் போடவுமில்லை. நான் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். என் வேலைக்காலத்தில் பாதிக்கு மேல் நெஞ்சு நோய் வார்டில் கழிந்தது. காலையில் டியூட்டிக்குப் போனதும் மருந்து டிரேயைத் தொடுவதற்கு முன்னால் வார்டின் இரண்டு பக்க ஜன்னல்களையும் திறந்துவிடுவேன். குளிருகிறது என்று நோயாளிகள் திட்டுவார்கள். போர்வை கொடுப்பேனே தவிர ஜன்னலை மூடமாட்டேன். இதை ஞாபகம் வைத்துக்கொள். இனிச் சொல்லப்போவதில் உன்னைவிடப் பெரிய குற்றவாளி நான்தானோ என்று எனக்கே சந்தேகம் வருவது இதனால்தான்.

அப்பா போவதற்கு ஒரு வருஷம் முன்பு நீ லீவில் வந்தபோது வீட்டைப் பார்த்துக்கொண்டே நடந்தாய். வெட்டுக்கல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, மர மச்சு, அதற்கு மேலே ஓடு. கூரைக்கும் சுவருக்கும் நடுவே காற்று நுழைய மரக் கம்பி அழி. ஒவ்வொரு கதவுக்கு மேலேயும் கைநுழையும் அளவுக்குத் துளைகள். "இது வீடா சல்லடையா, எல்லா எடத்திலயும் ஓட்டை," என்று நீ சிரித்தாய். பனி பெய்கிற நாட்டில் ஓட்டை இல்லாத வீடுகளைக் கட்டிப் பழகியவன் நீ. அப்பாவின் இருமலைக் கேட்டு உனக்கு மனசு வலித்தது என்பதும் உண்மை. புகையும் தூசியும் இல்லாத காற்றை அவருக்குக் கொடுக்கவேண்டும் என்று நினைத்தாய். எண்ணம் நல்லது. அந்த எண்ணத்தைச் சொல்லிச் சொல்லியே இத்தனை காலம் உன்னை நான் தப்பவிட்டேன்.

சாப்பாட்டு மேசையில் தாளை விரித்து மூன்று வழி சொன்னாய். முதல் வழி, வீடு முழுக்க அடைத்துவிட்டு, குளியலறைக் கூரைக்கு மேலே ஒரு பெரிய பெட்டி. அழுக்குக் காற்று ஒரு குழாயில் வெளியே போகும், புதுக் காற்று இன்னொரு குழாயில் உள்ளே வரும். இரண்டும் கலக்காமல் மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு இருபுறமும் ஓடும்போது, வெளியே போகிற காற்றின் குளிர்ச்சி உள்ளே வருகிற காற்றுக்குக் கிடைத்துவிடும். ஏசி போட்டாலும் குளிர் வீணாகாது, காற்றும் புதிதாக இருக்கும். இரண்டாவது வழி, பெட்டி இல்லாமல் அறைக்கு ஒன்றாகச் சுவரைத் துளைத்து வைக்கிற சின்ன மிஷின். கொஞ்ச நேரம் காற்றை வெளியே தள்ளும், கொஞ்ச நேரம் உள்ளே இழுக்கும். மூன்றாவது வழியை நீ கடைசியில், வாயை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு சொன்னாய். ஜன்னலையும் துளைகளையும் இருக்கிறபடியே விட்டு, வலை மட்டும் அடித்து, அடுப்படியிலும் குளிமுறியிலும் காற்றை வெளியே தள்ளும் ஃபேன் வைப்பது.

அப்பா தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூன்றாவதில் விரல் வைத்தார். "இது போரும் மக்கா."

"அப்பா, அதுக்கு நான் எதுக்கு? எலக்ட்ரீஷியன் போதுமே," என்றாய்.

"கரண்டு போனா ஒனக்க பெட்டி என்ன செய்யும்?"

"போனா வரும்பா. இன்வெர்ட்டர் இருக்கு."

"மழக்காலத்துல வெளிய உள்ள காத்தே நனஞ்சு கெடக்கும். அத உள்ள கொண்டாந்து..." என்று அவர் ஆரம்பித்தார். மூச்சுக்காக நிறுத்தினார். நீ அந்த இடைவெளியில் புகுந்து வேறு ஏதோ விளக்க ஆரம்பித்துவிட்டாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நிங்க சும்மா இருங்க. அவன் படிச்சவன்." அப்பா விரலை எடுத்துக்கொண்டார். அன்று கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் பதில் கிடைக்க ஒரு வருஷம் ஆயிற்று. முழுப் பதிலும் கிடைத்த சில நாளில் கேட்டவர் போய்விட்டார்.

உன்னை யாரும் தப்பு சொல்லிவிடக்கூடாது என்று நான் நடந்துகொண்டது அன்றைக்கு மட்டுமல்ல. நீ எட்டாம் வகுப்பு படிக்கும்போது கிணற்று மோட்டாரைத் திறந்து வயரை மாற்றிக் கொடுத்தாய். மோட்டார் கரிந்து போனது. அப்பா கேட்டபோது, தண்ணீர் இல்லாமல் நான்தான் ஓடவிட்டேன் என்றேன். மூன்று நாள் அவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நீ பக்கத்தில் உட்கார்ந்து மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் தின்றுகொண்டிருந்தாய், ஒரு வார்த்தை பேசவில்லை. பிள்ளை பயந்திருக்கிறான் என்று நினைத்தேன். நீ பயப்படவில்லை என்று இப்போது தெரிகிறது. நீ செய்தது தப்பாகப் போனால் இன்னொருவர் பெயரில் எழுதிக்கொள்ளலாம் என்று அன்றைக்கு உனக்குக் கற்றுக்கொடுத்தவள் நான். உனக்கு நான் கொடுத்த பாடங்களில் நீ ஒழுங்காகப் படித்தது அது ஒன்றைத்தான்.

உன் முதல் வழியின்படியே வேலை இரண்டு மாதம் நடந்தது, குளியலறைக்கு மேலே பெட்டியும் அப்பாவின் அறையில் ஏசியும் வந்தன. அழி இருந்த இடமெல்லாம் நுரை பீய்ச்சி அடைத்தார்கள். கதவுக்கு மேலே இருந்த துளைகளில் செங்கல் வைத்துப் பூசினார்கள். மச்சு தெரியாமல் கீழே வெள்ளைப் பலகைக் கூரை. சுண்ணாம்புச் சுவரைச் சுரண்டிவிட்டு சிமெண்டும் பிளாஸ்டிக் பெயிண்டும். அப்பாவின் அறையில் பழைய இரட்டைக் கதவு ஜன்னலை எடுத்துவிட்டு, திறக்கவே முடியாத கண்ணாடியைப் பதித்தாய். "தொறந்தா மிஷினுக்க கணக்கு தப்பிரும்மா," என்றாய். நீ போன பிறகு சொந்தக்காரர்கள் வந்து பார்த்தார்கள். ஹோட்டல் மாதிரி இருக்கு என்றார்கள். எனக்க மவன் செஞ்சது என்று நானே அறை அறையாகக் கூட்டிக்கொண்டு போனேன். அந்தப் பெருமையில் நான் எத்தனை நாள் மயங்கிக் கிடந்தேன் என்று நினைத்தால் இன்று கூசுகிறது.

வெயில் காலத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தூசி இல்லை, சத்தம் இல்லை, அப்பா நன்றாகவே இருந்தார். ஜூனில் இடவப்பாதி மழை தொடங்கிய இரண்டாவது வாரம் அலமாரியை நகர்த்திப் பெருக்கப் போனேன். பின்னால் சுவர் முழுக்கக் கறுப்பு. கரி என்று நினைத்துத் துணியால் துடைத்தேன். வழுவழுவென்று கையில் ஒட்டியது. பூஞ்சை. கட்டிலுக்குப் பின்னாலும், வெள்ளைக் கூரையின் மூலைகளிலும் அதே கதை. உனக்கு ஃபோன் செய்தேன். ஏசியைக் குறைத்து வைக்கச் சொன்னாய். பிறகு கூட்டி வைக்கச் சொன்னாய். பிளீச்சிங் பவுடர் போட்டுத் துடைக்கச் சொன்னாய். மூன்றாவது தடவைதான் உண்மை வந்தது. "அம்மா, அந்தத் தகடு சூட்டை மட்டுந்தான் பிடிக்கும். ஈரத்தைப் பிடிக்காது. நம்ம ஊருக்கு ஈரத்தையும் பிடிக்கிற வேற ஒண்ணு வைக்கணும். அடுத்த தடவை வரும்போது மாத்திரலாம்." அப்படியானால் நம் ஊருக்கு எது வேண்டும் என்று உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, கையில் எது இருந்ததோ அதை மாட்டிவிட்டுப் போயிருக்கிறாய். அல்லது மாட்டிய பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டாய். இரண்டில் எது என்று நீ இன்றுவரை சொல்லவில்லை.

அந்த மழையில் அப்பாவுக்கு வலிவு, அந்த மூச்சிழுப்பு, கூடியது. மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு நடுவே குழி விழும். ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் படுக்கவைத்தேன். நான் வேலை பார்த்த அதே வார்டு, அதே ஜன்னல்கள். மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து சாயா கேட்டார். வீட்டுக்குக் கூட்டிவந்தேன். ஒரு வாரத்தில் மறுபடியும் பழையபடி. மறுபடியும் ஆஸ்பத்திரி, மறுபடியும் தெளிவு, மறுபடியும் வீடு. பயிற்சிக்கு வருகிற சின்னப் பெண்ணுக்குக்கூட இது புரியும். எனக்குப் புரிந்தது. புரிந்தும் நான் கொத்தனாரைக் கூப்பிடவில்லை. அவ்வளவு பாடுபட்டு நீ அடைத்ததை உடைத்தால் ஊர் என்ன சொல்லும், நீ என்ன நினைப்பாய் என்று பார்த்தேன். மருந்தை மாற்றிக் கொடுங்கள் என்று டாக்டரிடம் கெஞ்சினேன். இருபது வருஷம் ஜன்னல் திறந்தவள் சொந்தப் புருஷனுக்கு ஒரு ஜன்னலைத் திறக்கவில்லை. என் தப்பு இது. இதை யார் பெயரிலும் எழுதமாட்டேன்.

அப்பா என்னிடம் எதுவும் சொல்லாமல் ஒரு வழி கண்டுபிடித்தார். பசுவை விற்ற பிறகு தொழுத்து காலியாகக் கிடந்தது. பனம்பட்டிகளை இடைவெளி விட்டு அடித்த சுவர், காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகும். ஒருநாள் காலையில் பாயைச் சுருட்டிக்கொண்டு அங்கே போனார். "ஏட்டி, இஞ்ச எனக்குக் கொள்ளாம், சொகமா இருக்கு," என்றார். கயிற்றுக் கட்டிலைக் கொண்டுபோய்ப் போட்டேன். ஆவணி, புரட்டாசி முழுக்க அங்கேதான் இருந்தார். வலிவு அடியோடு போகவில்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்தார். ரேடியோவில் செய்தி கேட்டார், போகிற வருகிறவர்களிடம் ரப்பர் விலை பேசினார்.

புரட்டாசிக் கடைசியில் நீ வந்தாய். உன் கம்பெனிக்காரர்கள் இரண்டு பேர் கூட வந்தார்கள், நீ செய்த வேலையைப் பார்க்க. அவர்கள் காரிலிருந்து இறங்கும்போது அப்பா தொழுத்தில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். உன் முகம் போன போக்கை நான் பார்த்தேன். அவர்களைக் கூடத்தில் உட்காரவைத்துவிட்டுப் பின்பக்கம் வந்தாய்.

"என்னப்பா இது? மாடு கெடந்த எடத்துல? வந்தவன் என்ன நெனப்பான்?"

"எனக்கு இஞ்ச மூச்சு வருகு மக்கா."

"உள்ள வர்ற காத்து வடிகட்டின காத்துப்பா. இஞ்ச உள்ளதுதான் அழுக்கு. ஒங்களுக்கு மனசுலதான் கோளாறு."

அப்பா கஞ்சிப் பாத்திரத்தைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்தார். நான் உன் விருந்தாளிகளுக்கு வாழைக்காய் வற்றல் எடுத்துவைக்கவேண்டும் என்று அடுப்படிக்குப் போனேன். திரும்பி வந்தபோது கட்டில் காலியாக இருந்தது. அவர் உள்ளே அந்த அறையில், கண்ணாடி ஜன்னலுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். உன் ஆட்கள் படம் எடுத்தார்கள். நீ திரும்பிப் போன பிறகு தொழுத்துக்குப் போவோமா என்று கேட்டேன். "வேண்டாம். அவனுக்குக் கொறச்சலு," என்றார். உன் நோட்டீஸில் இருப்பது அன்று எடுத்த படம். கட்டிலை மட்டும் எடுக்கவேண்டும் என்று அவரைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னாய். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். படத்துக்கு வெளியே.

இனி சொல்வதை நீ என்னிடமிருந்து ஃபோனில் பாதிதான் கேட்டாய். அந்த வருஷம் கரண்ட் இருக்கிற நேரத்தைத்தான் விரல்விட்டு எண்ணுவோம். ஐப்பசி மழை. காலையில் போன கரண்ட் மத்தியானம் ஆகியும் வரவில்லை. இன்வெர்ட்டரில் விளக்கும் ஃபேனும் ஓடியது. உன் பெட்டியை அதில் இணைக்கவே இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பிறகு ஃபேனும் நின்றது. வீடு மூடிய டப்பா போல ஆகிவிட்டது. அப்பா கட்டிலில் முன்னால் குனிந்து இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு மூச்சுக்குப் போராடினார். உதடு நீலம் ஓடியது. முன்கதவைத் திறந்தேன், அடுப்படிக் கதவைத் திறந்தேன். காற்று அந்த அறை வரைக்கும் வரவில்லை. போக வழியில்லாத இடத்துக்குக் காற்று எதற்கு வரும்? அவரைத் தூக்கிக் கூடத்துக்குக் கொண்டுவரப் பார்த்தேன். என்னால் முடியவில்லை. பக்கத்து வீட்டுக்குச் சத்தம் போட்டேன், மழையில் யாருக்கும் கேட்கவில்லை.

"சன்னலத் தொறட்டி," என்றார்.

"தொறக்காது," என்றேன். "அது தொறக்காது."

அடுப்படிக்கு ஓடி அம்மிக் குழவியை எடுத்துவந்தேன். ஓங்கி அடித்தேன். கண்ணாடி உடைந்தது. அதற்குப் பின்னால் இன்னொரு கண்ணாடி இருந்தது. இரட்டைக் கண்ணாடி என்று நீ சொன்னது அப்போது என் நினைவில் இல்லை. ஒரு நிமிஷம் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றே நினைத்தேன். உடைத்தேன், ஆனால் உடையவில்லை. மறுபடி அடித்தேன். அதுவும் போனது. மழைச் சாரலும் காற்றும் சேர்ந்து கட்டில் மேல் விழுந்தது. அவர் முகத்தைத் தூக்கி அதில் காட்டினார். கொஞ்சம் கொஞ்சமாகத் தோள் இறங்கியது. "இப்பக் கொள்ளாம்," என்றார். என் கையிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு அவருடைய துண்டை எடுத்து என்னிடம் நீட்டினார்.

மழை விட்டதும் ஆள் சேர்த்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நிமோனியா என்றார்கள். நான்காம் நாள் போய்விட்டார். வீட்டுக்குள்ளிருந்த பூஞ்சை காரணமா என்று டாக்டரிடம் கேட்டேன். "நெஞ்சு முன்னமே கெட்டுப் போயிருந்தது சிஸ்டர். அது மட்டும்தான்னு சொல்லமுடியாது, அது இல்லைன்னும் சொல்லமுடியாது," என்றார். அதனால் நீ அவரைக் கொன்றாய் என்று நான் எங்கும் சொல்லவில்லை, இங்கேயும் சொல்லவில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று உனக்கு ஃபோன் செய்து நடந்ததைச் சொன்னபோது நீ முதலில் கேட்டது என்ன? "எந்த சன்னல உடச்சிய?" அதிர்ச்சியில் வாய்க்கு வந்ததைக் கேட்டிருப்பார் அத்தை என்று உன் மனைவி பிறகு என்னிடம் சமாதானம் சொன்னாள். இருக்கலாம். ஆனால் அந்தக் கேள்வியை நான் காதிலிருந்து எடுக்கப் பார்த்தும் முடியவில்லை.

அடக்கத்துக்கு வந்தவர்களிடம், அப்பா கடைசிவரை நல்ல காற்றைத்தான் சுவாசித்தார் என்று நீ சொல்லிக்கொண்டிருந்ததை நான் அறைக்குள் இருந்து கேட்டேன். அன்று வெளியே வந்து பேசியிருக்கவேண்டும். பேசவில்லை. பதினாறாம் நாள் கழிந்ததும் கொத்தனாரைக் கூப்பிட்டேன். கதவுக்கு மேலே இருந்த துளைகளைத் திறந்தார். நுரையைச் சுரண்டி அழியை வெளியே எடுத்தார். வெள்ளைக் கூரையை இறக்கியபோது மேலே மச்சுப் பலகை ஈரத்தில் ஊறிப் போயிருந்தது. அப்பாவின் அறையை மட்டும் தொடவேண்டாம் என்று சொன்னேன். உடைந்த ஜன்னலில் வலை மட்டும் அடிக்கவைத்தேன். சுவர் அப்படியேதான் இருக்கிறது.

போன மாதம் குலசேகரத்திலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். நீதான் அனுப்பியிருக்கிறாய், அம்மாவிடம் போய்க் கேளுங்கள் என்று. நான் அந்தச் சுவரைக் காட்டமாட்டேன் என்று உனக்கு நம்பிக்கை. மோட்டார் விஷயத்தில் வாய் திறக்காதவள் இதிலும் திறக்கமாட்டாள் என்று கணக்குப் போட்டாய். அந்த மனிதருக்கு அறுபது வயதிருக்கும். படியேறும்போதே நின்று நின்று ஏறினார். அவர் மூச்சைக் கேட்டதும் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அவர்களை நேராக அறைக்குக் கூட்டிக்கொண்டு போய் அலமாரியை நகர்த்திக் காட்டினேன். "தொட்டுப் பாருங்க," என்றேன். அந்த அம்மா தொட்டுவிட்டுக் கையை முந்தானையில் துடைத்தாள். அவர்கள் கேட்காமலேயே எல்லாவற்றையும் சொன்னேன்.

மறுநாள் நீ ஃபோன் செய்தாய். "எனக்க பொழப்புல மண்ண அள்ளிப் போடுதியளே, நீங்க எனக்கு அம்மயா?" என்றாய். இப்போது புது மாதிரி வந்துவிட்டது, ஈரத்தையும் பிடிக்கும், கரண்ட் போனால் தானாகத் திறக்கிற ஜன்னலும் உண்டு, பழைய கதையைப் பேசிக்கொண்டிருக்காதீர்கள் என்றாய். இருக்கட்டும். அந்த மிஷின் நல்லதாகவே இருக்கலாம். மிஷின் மேல் எனக்குப் பகை இல்லை. உன் அப்பாவும் ஃபேன் வேண்டாம் என்று சொல்லவில்லையே. என் பகை, தப்பு நடந்தது என்று ஒரே ஒரு தடவை சொல்லாமல் அதே தப்பின் படத்தை அச்சடித்து விற்கிறவன் மேல். பழைய கதை என்கிறாயே, அந்தக் கதையில் செத்தவருடைய கட்டிலைத்தானே நீ நோட்டீஸில் போட்டிருக்கிறாய்.

அந்தப் படத்தை எடுத்துவிடு. அப்பாவுக்காகச் செய்தது என்ற வரியையும் எடுத்துவிடு. எடுக்காவிட்டால், உன் நோட்டீஸைப் பார்த்து யார் வந்தாலும் இந்த வீட்டுக் கதவு திறந்திருக்கும், அலமாரியை நகர்த்த எனக்கு இன்னும் பலம் இருக்கிறது. உன்னை மன்னித்துவிட்டேன் என்று நான் எழுதுவேன் என்று எதிர்பார்த்து இதுவரை படித்திருந்தால், நீ ஏமாந்துவிட்டாய். நீ கேட்கவே இல்லாததை நான் எப்படித் தருவது?

ஒன்று மட்டும் சொல்லி நிறுத்துகிறேன். தாயாகச் சொல்லவில்லை, நெஞ்சு வார்டில் வேலை பார்த்தவளாகச் சொல்கிறேன். இனி எந்தப் பழைய வீட்டுக்குப் போனாலும் அளக்கிற டேப்பை எடுப்பதற்கு முன்னால், இந்த வீட்டில் யாருக்கு வலிவு இருக்கிறது என்று கேள். அவர் எங்கே உட்கார்ந்தால் சுகமாக இருக்கிறார் என்று கேள். அங்கே போய் அவர் பக்கத்தில் உட்கார். மூச்சுக் குறைந்தவர் மெதுவாகத்தான் பேசுவார், நடுவில் நிறுத்துவார். அவர் நிறுத்துகிற இடத்தில் நீ பேசாதே.